படக்காரம்மா தொடாத கண்கள்

ஓசூர் கடைத்தெருவில் சாமி படங்களுக்குக் கண்ணாடி போட்டுத் தரும் கடைகள் அப்போதும் இருந்தன. செத்துப்போனவர்களுக்கு முகம் போட்டுத் தரும் கடை ஒன்றே ஒன்றுதான். அதை நடத்தியவர் ஒரு பெண். அவர் பெயர் எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. படக்காரம்மா என்றால் கெலமங்கலத்திலிருந்து வேப்பனப்பள்ளி வரை தெரியாதவர் கிடையாது. அவரைக் கண்டு பயந்தவர்கள் உண்டு, கையெடுத்துக் கும்பிட்டவர்கள் உண்டு. நான் இரண்டையும் செய்திருக்கிறேன். வாய் வலிக்கத் திட்டியும் இருக்கிறேன்.

நெட்டையான ஆள். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும், ஆனால் முதுகு வளைந்து நான் பார்த்ததில்லை. தனியாக இருக்கும்போதுகூட எதிரே ஒரு கூட்டம் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது மாதிரிதான் உட்காருவார். பேசும்போது நம் கண்ணைப் பார்க்க மாட்டார். தாடையைப் பார்ப்பார், காது மடலைப் பார்ப்பார், சட்டென்று மோவாயைப் பிடித்து முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்புவார். சந்தையில் தேங்காயைத் திருப்பிப் பார்ப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஒரு தடவை பஸ் கண்டக்டரையே அப்படிப் பிடித்துவிட்டார். பாவம், அந்த மனிதர் அதற்கப்புறம் இவர் உட்கார்ந்த பக்கமே டிக்கெட் கிழிக்க வருவதில்லை.

"மூஞ்சி எங்கியும் போவாது. ஆளுதான் போவும்" என்பார். கடைக்கு வந்தவர்கள் அழுதால் இதைச் சொல்வார். ஆறுதலாகச் சொல்கிறாரா, எச்சரிக்கிறாரா என்று தெரியாத குரல் அது.

எங்கள் பக்கத்தில் போட்டோ எடுத்துக்கொண்டால் ஆயுசு குறையும் என்று ஒரு நம்பிக்கை. அதனால் செத்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு முகம் கிடையாது. புதுச்சேலையை மடித்து வைத்து விளக்கேற்றிப் படைப்பார்கள், அவ்வளவுதான். சுதந்திரம் வந்த பிறகு பஸ் பெருகியது, பள்ளிக்கூடம் பெருகியது, கூடவே பெண் பார்க்க வருகிறவர்கள் சுவரைப் பார்த்துக் குடும்பத்தை எடைபோடும் பழக்கமும் வந்தது. மாலை போட்ட படம் இல்லாத சுவர் மானக்கேடாகிப் போனது. போட்டோ எடுக்காமல் செத்தவர்களுக்குப் படம் எங்கிருந்து வரும்? அதற்குத்தான் படக்காரம்மா.

செத்தவருடைய பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அது ஒன்றுதான் அவருடைய நிபந்தனை. மூக்கு எப்படி, நிறம் எப்படி என்று கேட்க மாட்டார். "உங்கம்மா அடுப்பு ஊதிக்கினு இருக்கறப்போ பின்னாடிருந்து யாராச்சும் கூப்ட்டா எப்பிடித் திரும்புவாங்க?" என்று கேட்பார். பிள்ளை யோசிக்கும். யோசிக்கும்போதே அதன் கழுத்து தானாகத் திரும்பும், புருவம் நெளியும். அதைப் பார்த்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். பத்து நாள் கழித்துப் போனால் சட்டம் போட்ட படம் தயாராக இருக்கும். உள்ளங்கை அகலம்தான் படம், சுற்றிலும் கறுப்பு அட்டை, சரிகைத்தாள் ஓரம். வீட்டுக்கு வந்து மாட்டினால் கிழவிகள் எல்லாம் ஒப்பாரி வைப்பார்கள், அவளேதான் என்று. பிள்ளை முகத்திலிருந்து பெற்றவள் முகத்தை எடுத்துவிடுகிறார் என்று ஊர் நம்பியது.

அது எப்படி என்று எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், புதிர் போடுகிற வயதில் நான் இல்லை.

படக்காரம்மா சின்ன வயதிலிருந்து மத்திகிரியில் ஒரு துரை பங்களாவில் வேலை பார்த்தவர். துரை பட்டாளத்துக் குதிரைகளுக்கு வைத்தியர். துரைசாணி, கல்யாணத்துக்கு முன்னால் லண்டனில் நாடக மேடையில் நடித்த பெண். பழைய மகாராணி இருந்த காலத்தின் கடைசியிலும், அடுத்து அவர் மகன் ஆண்ட காலத்திலும், அந்த ஊரில் நாடகக்காரிகளின் படங்களைத் தபால் அட்டையில் அச்சடித்து விற்பார்களாம். ஜனங்கள் வாங்கி ஆல்பத்தில் ஒட்டி வைத்துக்கொள்வார்களாம். துரைசாணி ஒரு பெட்டி நிறைய அந்த அட்டைகளைக் கொண்டுவந்திருந்தார். தன்னுடன் நடித்தவர்கள், தனக்கு முன்னால் நடித்தவர்கள், தனக்கு ஆகாதவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். பெரிய எழுத்து நாடக நோட்டீஸ்கள், கண்ணாடிக்கல் கிரீடம், ஒரு சவுரி, முழங்கை வரை வரும் வெள்ளைக் கையுறைகள் எல்லாம் அந்தப் பெட்டியில்தான்.

மத்திகிரியில் துரைசாணியின் நடிப்பைப் பார்க்க யார் இருந்தார்கள்? குதிரைகளும் இந்த வேலைக்காரப் பெண்ணும்தான். அவளை உட்கார வைத்து அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இவள் விஷம் குடித்துச் செத்தவள், இவள் புருஷன் வருவானென்று கதவைப் பார்த்தபடி செத்தவள், இவள் பைத்தியமாகிச் செத்தவள் என்று நடித்துக் காட்டுவாராம். எல்லாம் மேடையில் செத்த சாவு. தினம் செத்து, தினம் எழுந்து, சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போன பெண்கள்.

துரைசாணி கண்ணை மூடியதும் சொந்தக்காரர்கள் வந்து வெள்ளிச் சாமான்களை அள்ளிக்கொண்டு போனார்கள். பெட்டியை யாரும் தொடவில்லை. இவர் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓசூருக்கு வந்துவிட்டார்.

அந்த அட்டைகள்தான் எங்கள் ஊர்ச் சுவர்களில் தொங்கின. வெள்ளைக்காரியின் வெறும் தோளுக்குச் சேலை, பழுப்பு முடிக்குக் கறுப்பு மை, நெற்றியில் பொட்டு, இரண்டு பக்கமும் மூக்குத்தி. பசை கலந்த தண்ணீர் வர்ணத்தில் தோலுக்கு எங்கள் நிறத்தை ஏற்றிவிடுவார். ஆண் படங்களும் உண்டு. பக்கத்து ஊர்ப் பெரிய கவுண்டர் என்று மாலை போட்டுக்கொண்டு தொங்கியவர் லண்டனில் கோமாளி வேஷம் கட்டியவர். சிரிப்பை மட்டும் மீசைக்குள் மறைத்துவிட்டிருந்தார் படக்காரம்மா.

கண்ணை மட்டும் அவர் தொட்டதே இல்லை. ஒரு பொட்டு மைகூட வைக்க மாட்டார். "அத நான் தொட்டா அவுங்க பாக்க மாட்டாங்க" என்பார். அந்தப் படங்கள் இருந்த வீடுகளில் உங்களுக்கு ஒன்று தோன்றியிருக்கும். அவர்கள் உங்களைப் பார்ப்பதில்லை. உங்களுக்குப் பின்னால், இருட்டில் உட்கார்ந்திருக்கும் யாரையோ பார்ப்பார்கள்.

ஜவளகிரியிலிருந்து ஒருத்தர் படத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது நான் கடையில் இருந்தேன். அப்பா சவரம் செய்யும்போது முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டம் மாற்றப் போயிருந்தோம்.

"இது எங்கம்மா இல்லீங்க" என்றார் அந்த ஆள். "வூட்ல பொம்பளைங்க பயப்படறாங்க. வாசக்கதவையே பாத்துக்கினு இருக்குது."

படக்காரம்மா படத்தை வாங்கிப் பார்த்தார். "உங்கம்மா யாரயாச்சும் எதிர்பாத்துக்கினே போனாங்களா?"

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். "எங்கண்ணன் பட்டாளத்துக்குப் போனவன் வரலீங்க. பர்மாவுலன்னாங்க. அம்மா சாவற வரைக்கும் கதவ மூட விடல."

"அப்பறம் என்ன? இவுங்க தெனமும் கதவப் பாத்துக்கினே செத்தவங்கதான். கதவுக்கு எதிர வெக்காதீங்க, பக்கவாட்டுல மாட்டுங்க."

அந்த ஆள் படத்தைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவருக்கு அண்ணன் இருந்தது படக்காரம்மாவுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அந்த ஆள் பேசும்போது இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை வாசலைப் பார்த்தார், அவ்வளவுதான். அதை நான் பிறகு யோசித்துக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த பிறகும் சிலிர்ப்பு குறையவில்லை.

இனி என் கதை. நான் தவழுகிற குழந்தையாக இருந்தபோது அம்மா போய்விட்டாள். என்னை வளர்த்தது பெரியம்மா, அம்மாவின் கூடப் பிறந்த அக்கா. எனக்குப் பாவாடை கட்டுகிற வயதில், அப்பா என்னைப் படக்காரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார். படக்காரம்மா அடுப்பு ஊதும் கேள்வியைக் கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மா கோபம் வந்தால் என்ன செய்வாள் என்று கேட்டார். அதுவும் தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது. அவர் என் மோவாயைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்தார்.

"இந்தப் புள்ள மூஞ்சியில ஒண்ணுமே இல்லியே" என்றார் அப்பாவிடம். பிறகு அந்த வெள்ளைக் கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். திரைக்குப் பின்னாலிருந்து பேச்சுக் குரல் கேட்டது. யாரிடமோ அனுமதி கேட்கிற மாதிரி.

படம் வந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். பெரியம்மா மாரில் அடித்துக்கொண்டாள். "எந் தங்கச்சி, எந் தங்கச்சி, அந்த மொறப்புகூட மாறலியே" என்று அழுதாள். இவர்கள் இருவரும் சொன்ன பிறகு எனக்கென்ன சந்தேகம்? அன்றிலிருந்து எனக்கு அம்மா இருந்தாள். கொஞ்ச நாளில் நினைவுகளும் வர ஆரம்பித்தன. அவள் நடந்து வருவது, குனிவது எல்லாம். தவழும் குழந்தைக்கு அதெல்லாம் நினைவிருக்காது என்று யாராவது சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். இப்போதும் வரும்.

எனக்குக் கல்யாணம் பேசினார்கள். தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம், காட்டோரத்து ஊர். யானை தின்றது போக மிச்சம் ராகிதான் வீட்டுக்கு வரும் என்று பெரியம்மா முகம் சுளித்தாள். எனக்குச் சம்மதம். மாப்பிள்ளையைத் தேர்த் திருவிழாவில் பார்த்திருக்கிறேன். மசமசவென்று நின்ற காளையின் வாலை எல்லாரும் முறுக்கிக்கொண்டிருந்தபோது, அவர் அதன் காதருகே ஏதோ பேசி நகர்த்திக் கொண்டுபோனார். என்ன பேசினார் என்று தெரிந்துகொள்ளவாவது அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவரைத் தவிர வேறு யாரையும் நினைக்கவில்லை.

அவர்கள் பெண் பார்க்க வந்தார்கள். அவருக்கும் அம்மா இல்லை, அத்தைதான் வளர்த்தவர். அந்த அத்தை உள்ளே வந்ததும் வழக்கப்படி சுவரைப் பார்த்தார். பார்த்தவர் வாயில் வைத்த வெற்றிலையை மெல்லவில்லை.

"இது யாரு?"

"எங்க சம்சாரம்" என்றார் அப்பா.

"எங்க அண்ணிங்க இவுங்க" என்றார் அத்தை. "எங்க வூட்டுச் செவுத்துல இருக்கறாங்க."

மாப்பிள்ளை எழுந்து வந்து படத்தின் முன்னால் நின்றார். எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. "எங்கம்மா" என்றார். சத்தமே வரவில்லை.

வேறு ஊராக இருந்தால் படம் போட்டவளைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். எங்களுக்குப் படக்காரம்மா தப்பு செய்யமாட்டார். பிள்ளை முகத்திலிருந்து பெற்றவளை எடுப்பவர் அவர். இரண்டு பிள்ளைகளிடமிருந்து ஒரே முகம் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இரண்டு தாய்மாரும் கூடப் பிறந்தவர்கள். அக்கா தங்கை பிள்ளைகள் அண்ணன் தங்கை. அதற்குமேல் கல்யாணப் பேச்சு ஏது?

மாப்பிள்ளையின் அம்மா கோலார் தங்கவயலில் பிறந்தவள். என் அம்மாவைப் பெற்ற தாத்தா கோலாரில் சுரங்க வேலைக்குப் போய் வருஷக்கணக்கில் இருந்தவர். அது போதாதா? தாத்தாவுக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருந்திருக்கிறது என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். "எங்கப்பன் மேல பழி போட வந்தீங்களா" என்று பெரியம்மா எகிறினாள். பலகாரத் தட்டு அப்படியே இருந்தது. வந்தவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டி ஏறினார்கள். போகும்போது மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் பார்த்தார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. மறுநாளே அப்பாவை இழுத்துக்கொண்டு ஓசூர் பஸ் ஏறினேன். அப்பா கடைக்குள் வரமாட்டேன் என்று டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளே போனால், மாப்பிள்ளை முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தார். துண்டில் சுற்றிய படம் கையில் இருந்தது. ஒரே யோசனை இரண்டு பேருக்கும்.

படக்காரம்மா எல்லாவற்றையும் கேட்டார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கையுறைகளை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்து, நூல் கட்டிய ஒரு கட்டு அட்டையை எடுத்து எங்கள் முன்னால் பரப்பினார். எல்லாம் ஒரே படம். இறகு வைத்த தொப்பி, வெறும் தோள், முத்துமாலை. வெள்ளைக்காரி. ஆனால் கண்கள் என் அம்மாவின் கண்கள். அத்தனை அட்டையிலும் என் அம்மா எனக்குப் பின்னால் யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க தொரசாணி" என்றார் படக்காரம்மா. அப்போதுதான் பெட்டியின் கதையை முழுக்கச் சொன்னார்.

கேட்டு முடித்ததும் நான் கத்தினேன். ஊரை ஏமாற்றிப் பிழைக்கிறாய், பெற்றவளை வைத்துப் பொம்மலாட்டம் ஆடுகிறாய் என்று இன்னும் என்னென்னவோ. அவர் கோபப்படவில்லை.

"இதான் உங்கம்மான்னு நான் சொன்னனா கண்ணு? உங்கப்பா சொன்னாரு, பெரியம்மா சொன்னாங்க. நான் சட்டம்தான போட்டன்."

"எங்க ரெண்டு பேருக்கும் ஏன் ஒரே படத்தப் போட்டீங்க?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"மத்தவங்களுக்கெல்லாம் ஏதாவது இருக்கும். ஒரு திருப்பு, ஒரு மொறைப்பு. உங்க ரெண்டு பேர் மூஞ்சியிலயும் அம்மாவே இல்ல. அப்படிப்பட்ட புள்ளைங்களுக்கு மட்டுந்தான் தொரசாணியக் குடுப்பன். அவுங்களுக்கும் புள்ள இல்ல. பாக்கறதுக்கு ஆளில்லாத மூஞ்சியா ஆக்கிடாதேன்னு சாவறப்போ எங்கிட்ட கேட்டுக்கினாங்க."

"இன்னும் எத்தன வூட்ல குடுத்திருக்கீங்க?" என்றேன்.

"அத கேக்காத."

 மாப்பிள்ளை கையிலிருந்த படத்தைப் பார்த்தபடி சொன்னார். "இல்லீங்க. எனக்கு எங்கம்மா நெனப்பு இருக்குது. காட்டு வேலைக்குப் போறதுக்கு முன்னாடி எந் நெத்தியில கைய வெப்பாங்க. ஜில்லுனு ஈரமா இருக்கும்."

 அது என் அம்மாவின் கை. நான் யாரிடமும் சொல்லாதது. பெரியம்மாவிடம்கூட.

படக்காரம்மா அதுவரை எங்கள் தாடைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முதல்முறையாக மாப்பிள்ளையின் கண்ணை நேராகப் பார்த்தார்.  "தொரசாணிக்குக் கை எப்பவும் ஈரமா இருக்கும்" என்றார். "மேடை ஏறப்போற பயம் கடைசி வரைக்கும் போகல. எனக்கு நடிச்சுக் காட்டறதுக்கு முன்னாடி எந் நெத்தியில கைய வெச்சுட்டுத்தான் ஆரம்பிப்பாங்க. இத நான் யாருக்கும் சொன்னதில்லியே."

கடையை விட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது எனக்கு. மாப்பிள்ளை மட்டும் நகரவில்லை. "இப்போ நாங்க அண்ணன் தங்கச்சி இல்ல, அப்படித்தான?" என்றார்.

"ரத்தத்துல இல்ல. ஆனா இந்த அட்டையக் கொண்டுபோய் காட்டினா உங்க பெரியவங்க நம்ப மாட்டாங்க. தொப்பி வெச்சவ யாரோ, பொட்டு வெச்சவ யாரோன்னுவாங்க. பொட்டு வெச்ச படத்த அவுங்க கண் முன்னாடியே தொடைக்கணும். உங்க ரெண்டு படத்துல ஒண்ணு குடுங்க. நான் வந்து தொடைக்கறன்."

"என்னுது குடுக்கறன்" என்றேன்.

"உன்னுது செவுத்துல இருக்கட்டும்" என்றார் மாப்பிள்ளை. "என்னுது கையிலயே இருக்குதே." என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

எங்கள் வீட்டு வாசலில், முற்பகல் வெயிலில், இரண்டு ஊர்ப் பெரியவர்களும் பாயில் உட்கார்ந்தார்கள். வேடிக்கை பார்க்க ஊரே வந்திருந்தது. படக்காரம்மா கையுறை மாட்டிக்கொண்டு நடுவில் நின்றார். சட்டத்திலிருந்து படத்தை எடுத்தார். பஞ்சைத் தண்ணீரில் நனைத்தார். மாப்பிள்ளை தன் அத்தைக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

முதலில் பொட்டு போனது. பிறகு மூக்குத்திகள். அத்தை "ஐயோ" என்றார். சேலைக்கரை கரைந்து பச்சைத் தண்ணீராக அட்டையில் வழிந்தது. கறுப்பு மை போன இடத்தில் சுருட்டை முடியும் இறகுத் தொப்பியும் வந்தன. தோள் வந்தது. நான் அட்டையைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைப் பார்த்தேன். ஒவ்வொரு துடைப்புக்கும் அவர் இமை ஒருமுறை மூடித் திறந்தது. கண்ணருகே வந்ததும் படக்காரம்மா பஞ்சைக் கீழே வைத்துவிட்டார்.

அட்டையை உயர்த்திப் பிடித்தார். "வாங்க தொரசாணி" என்றார்.

வெயிலில் அந்த வெள்ளைக்காரி எங்கள் எல்லாரையும் பார்த்தாள். ஒருவர்கூட இருமவில்லை. அப்போது படக்காரம்மாவின் வாயிலிருந்து வேறு ஒரு குரல் வந்தது. இளமையான குரல், இங்கிலீஷில். அவருக்கு அர்த்தம் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஆனால் அது யாரிடமோ விடைபெறுகிற பேச்சு என்று கைக்குழந்தைக்கும் புரிந்திருக்கும். முடிந்ததும் சேலையை இரண்டு பக்கமும் விரலால் பிடித்து, முழங்கால் மடித்துத் தாழ்ந்து வணங்கினார். ஊர்ப் பெரியவர் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டியதை நான் பார்த்தேன். அத்தை இரு கையும் குவித்துவிட்டார். மேடை விட்டு வந்து இத்தனை வருஷம் கழித்து, துரைசாணிக்குக் கூட்டம் கிடைத்துவிட்டது. படக்காரம்மாவின் முகத்தில் அன்றைக்கு இருந்த நிறைவை வேறு எங்கும் நான் கண்டதில்லை, அது எனக்குப் பிடிக்கவும் இல்லை.

"அத எனக்கே குடுத்துடுங்களேன்" என்றார் மாப்பிள்ளை.

"இது இனிமே உங்கம்மா இல்லப்பா" என்று சொல்லி, வெறும் சட்டத்தை அவர் கையில் கொடுத்தார் படக்காரம்மா. அட்டையைக் கையுறைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

கல்யாணத்துக்குத் தடை இல்லை என்று ஆனது. இனி கடை அவ்வளவுதான், ஊர் ஊராக வந்து படத்தை முகத்தில் எறிவார்கள் என்று நினைத்தேன். யாரும் ஒரு படத்தைக்கூடக் கழற்றவில்லை. அன்று சாயங்காலமே பெரியம்மா எங்கள் சுவர்ப் படத்தின் கண்ணாடியைத் துடைத்துப் பூ வைத்தாள். "அவுங்களுது வெள்ளக்காரச்சி. நம்முளுது எந் தங்கச்சி" என்றாள். அதே முகம்தானே பெரியம்மா என்றேன். வாயை மூடு என்றாள். ஒவ்வொரு வீட்டிலும் இதே பேச்சுதான் நடந்திருக்க வேண்டும். கடைக்குக் கூட்டம் அதிகமானதே தவிரக் குறையவில்லை.

படக்காரம்மா அதற்கப்புறம் அதிக நாள் இருக்கவில்லை. மத்திகிரியிலேயே போய்ச் செத்தார் என்றார்கள். அவருக்குப் படம் கிடையாது, முகத்தை எடுக்கப் பிள்ளையும் கிடையாது. பெட்டி என்னவாயிற்று என்று நான் விசாரிக்கவில்லை. பயம்தான்.

நான் புருஷன் வீட்டுக்குப் போகும்போது அப்பா அம்மாவின் படத்தை என்னோடு கொடுத்து அனுப்பினார். மாட்டினேன். என் வீட்டுக்காரர் அதற்குக் கீழே போவார், வருவார், நிமிர்ந்து பார்க்க மாட்டார். காளையிடம் பேசுகிற மனிதர், என்னிடமும் நன்றாகத்தான் பேசினார். அம்மா பேச்சு மட்டும் வராது. புரட்டாசியில் மாளய அமாவாசை வந்தது. நான் சமைத்து முடித்து, படத்துக்கு முன்னால் கோலம் போட்டேன். அவர் மண்வெட்டியை எடுத்தார்.

"எங்க கெளம்பறீங்க?"

"நீ உங்கம்மாவுக்குப் படைச்சிடு. நான் ராகிக் கொல்லைக்குப் போயிட்டு வரன்."

"உங்கம்மாவுக்கு யாரு படைக்கறது?"

அவர் மண்வெட்டியின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்குத் தொடச்சதிலிருந்து எனக்கு ஒண்ணுமே வரல. நெத்தியில கைய வெப்பாங்கன்னு நான் கடையில சொன்னது நெனப்பு இருக்குது. அந்தக் கை நெனப்பு இல்ல. யாருக்குன்னு படைக்கறது?"

என்னைக் கட்டிக்கொள்வதற்காக அந்த மனிதர் எதைக் கொடுத்தார் என்பது எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. எனக்கு என் அம்மா இன்னும் வந்துகொண்டிருந்தாள், குறையே இல்லாமல். செத்துப்போன துரைசாணி மேல், படக்காரம்மா மேல், என் மேல் எல்லாம் கோபம் வந்தது.  போட்டிருந்த வாழையிலையைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினேன். பக்கத்தில் இன்னொரு இலை போட்டேன், அதே படத்துக்கு முன்னால்.

அவர் மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார். கை கால் கழுவிக்கொண்டு வந்து, செம்பை வாங்கி, இரண்டாவது இலைக்குத் தானே தண்ணீர் தெளித்தார்.